நிற்கும்போதுதான் கனம்

வணக்கம் ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைப் படித்துத்தான் போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கினேன். இதுவரை தார் ரோட்டை விட்டு இறக்கியதில்லை. அடுத்த மாதம் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் மண் பாதையில் போகலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு வயது 44, உயரம் ஐந்தடி நாலு அங்குலம். வண்டி 199 கிலோ. பெட்ரோல் பங்க்கில் திருப்பி நிறுத்துவதற்குள்ளேயே வேர்த்துவிடுகிறது. நின்றுகொண்டு ஓட்டு என்கிறார் ஒருவர், டயரில் காற்றைக் குறை என்கிறார் இன்னொருவர். என்னால் முடியுமா? இல்லை, விற்றுவிட்டு லேசான வண்டியாகப் பார்க்கட்டுமா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

விற்க வேண்டாம். மேல்மலைக்கு இப்போதே போகவும் வேண்டாம். அங்கே பல இடங்களில் ஒரு பக்கம் பள்ளம். போதாததற்கு, எது ஊர்ப் பாதை, எது வனத்துறை இடம் என்று தெரியாமல் நுழைந்தால் வேறு வம்பு. உங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் குளமோ கண்மாயோ போதும். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். முந்தின நாள் மழை பெய்த கரிசல் மண் மட்டும் வேண்டாம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் வண்டி ஓர் அடி நகராது.

நானும் கண்மாயில் பழகியவன்தான். முதல் நாள் காலையில் மட்டும் ஆறு தடவை கீழே போட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முதல் இரண்டு தடவை ஓடி வந்து தூக்கிவிட்டார். மூன்றாவது தடவை, "இத வித்துப்புட்டு நாலு கெடா வாங்கலாம்ல தம்பி" என்றார். அதன் பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஆறில் ஒன்றுகூட வேகத்தில் விழுந்ததில்லை. எல்லாமே திருப்பும்போது, நிறுத்தும்போது, ஊன்றப் போன காலுக்குக் கீழே தரை இல்லாதபோது.

அந்த 199 கிலோ நிற்கும்போதுதான் உங்கள் தலையில் விழும். உருள ஆரம்பித்துவிட்டால் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டிருப்பீர்கள். கால் தரைக்கு எட்டியதா என்ன? ஓடிக்கொண்டிருந்தவரை அது ஒரு விஷயமாகவே இல்லை. நிறுத்தத்தான் ஒரு திண்ணை தேவைப்பட்டது.

அதனால் முதலில் பழக வேண்டியது மெதுவாகப் போவது. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுங்கள். லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான், இது மண்ணில். இடது பக்கம் திரும்பும்போது வலது கால்மிதியில் எடையைப் போட்டு, வண்டியை மட்டும் இடப்பக்கம் சாய விடுங்கள். உடம்பு நேராக இருக்கட்டும். இது பிடிபட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், போகட்டும். நிறுத்தும்போது எந்தக் காலை ஊன்றப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, அந்தப் பக்கம் மேடாகப் பார்த்து நிறுத்துங்கள். உங்கள் உயரத்துக்கு இது முக்கியம்.

சரி, நின்று ஓட்டுவது. நின்றால் உங்கள் எடை சீட்டிலிருந்து கால்மிதிக்கு இறங்கிவிடும். வண்டி அடியில் தன் போக்கில் குதிக்கும், முழங்கால் அதை வாங்கிக்கொள்ளும். டேங்கை முழங்காலால் கவ்வுங்கள், ஹேண்டில்பாரைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். மணலில் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளியும். அதை அடக்கப் போய்த்தான் எல்லோரும் விழுகிறோம். நெளிய விட்டு, பார்வையைத் தூரத்தில் வைத்து, ஆக்சிலேட்டரைக் குறைக்காமல் போங்கள். பயந்து சட்டென்று விட்டீர்களானால் முழு எடையும் முன்சக்கரத்துக்கு வந்து அது புதைந்துவிடும்.

சாயத் தொடங்கி ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் தாங்கிப் பிடிக்காதீர்கள். விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். வண்டிக்கு லெக் கார்டு இருக்கிறது, உங்கள் கணுக்காலுக்கு இல்லை. கணுக்காலை மூடிய பூட்ஸ் இல்லாமல் இறங்கவே கூடாது. பக்கவாட்டுப் பெட்டிகள் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கால் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும்.

விழுந்ததைத் தூக்கக் கைபலம் வேண்டாம். இஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, கியரிலும் போட்டுவிடுங்கள். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமே முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை வைத்துக் குந்துங்கள். ஒரு கை கீழே கிடக்கும் கைப்பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகு நேராக இருக்க, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தொடைதான் தூக்கும். இதை உங்கள் வீட்டு வாசலில், பழைய மெத்தையை விரித்து, இரண்டு பக்கமும் ஒரு தடவை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பரவாயில்லை.

காற்று விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரிதான். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மண்ணில் அதிக இடம் பிடிக்கும். ஆனால் உங்கள் வண்டி ட்யூப் டயர். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிக் கிழியும். முதல் நாளைக்கு நாலைந்து பிஎஸ்ஐ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். திரும்பித் தாருக்கு ஏறுமுன் அடித்துக்கொள்ள ஒரு பம்பு வேண்டும். நம் கண்மாய்களில் மணலைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். மாற்று ட்யூபும் டயர் லிவரும் இல்லாமல் போய், ஒரு தடவை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிறேன். அன்றைக்கு 199 கிலோ நன்றாகவே தெரிந்தது.

லேசான வண்டியில் பழகுவது சுலபம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான இந்தக் கலப்பு ரகமே கனத்தோடு பிறந்ததுதான். 1980இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ் வண்டியின் பெயரிலேயே ஒரு எழுத்து காட்டுக்கு, ஒரு எழுத்து சாலைக்கு. அது 800 சிசி. அடுத்த வருடமே பாரிஸ் - டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டது. ஓட்டியவர் ஊபர் ஓரியோல், அவரும் மணலில் விழாதவராக இருந்திருக்க மாட்டார்.

கிளட்ச் லிவர் ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். லிவரை ஹேண்டில்பாரோடு கவ்விப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், விழும்போது உடையாமல் திரும்பிக்கொள்ளும். முதல் கீறல் விழுந்ததும் எழுதுங்கள், இடப்பக்கமா வலப்பக்கமா என்று.