வாசகர் கேள்வி–பதில்: வயது ஏறினாலும் விட்டுப்போகாத பாட்டு

அண்மையில் வந்த கேள்விகளில் ஐந்து, இளமையில் கேட்ட இசையைப் பற்றியே அமைந்திருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. 18, 20 வயதில் கேட்ட பாடல்களை இன்றும் ஒரு வரி விடாமல் பாடுவேன். அண்மை ஆண்டுகளில் வந்த பாடல்களோ கேட்கும்போது நன்றாக இருந்தாலும் மனத்தில் நிற்பதில்லை. இதற்குக் காரணம் என் வயதா, இசையின் தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா?

பதில்: இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் வயதைத்தான் சொல்வேன், ஆனால் அந்தப் பாடல்களை முதன்முதலில் கேட்டபோது உங்களுக்கு இருந்த வயதையே குறிப்பிடுகிறேன்.

மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1932 முதல் 1986 வரை புகழ்பெற்றிருந்த 28 பாடல்களின் சிறு பகுதிகளை, 16 முதல் 86 வயது வரையிலான 108 பேரைக் கேட்கச் செய்து, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் இடச் சொன்னார்கள். கேட்டவர் ஏறத்தாழ 24 வயதில் இருந்தபோது பிரபலமாக இருந்த பாடல்களுக்கே சராசரியில் அதிக மதிப்பெண் கிடைத்தது. அதற்கு முந்தியவையும் பிந்தியவையும் படிப்படியாகக் குறைவாகப் பெற்றன. சொந்த நினைவுகளோடு ஒட்டிக்கொள்ளும் பாடல்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகள் இந்த உச்சத்தை இன்னும் முன்னே தள்ளிப் பதின்பருவத்தில் வைக்கின்றன. எந்த வயது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டே தவிர, இளமையில் ஒரு மேடு எழுகிறது என்பதில் அவை ஒத்துப்போகின்றன.

காரணம் நினைவோடு பின்னிக்கிடக்கிறது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லச் சொன்னால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே பெரும்பங்கு வகிக்கும். முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு வந்து தனியே வாழத் தொடங்கியது என்று பலவும் அந்த ஆண்டுகளில்தான் நடக்கின்றன. நான் இன்னார் என்ற எண்ணமும் அப்போதுதான் உருப்பெறுகிறது. அதுவரை பெரியவர்கள் போட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர், தமக்கென்று ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே பாட்டைப் பிடித்தவர்களோடு நட்புக் கொள்வதும் அந்த வயதில்தான். பெட்ர் ஜனாட்டா என்னும் ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாடல் ஒன்று சொந்த நினைவைக் கிளப்பும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி ஊக்கமாக இயங்குவதைக் காட்டினார். நம்மைப் பற்றி நாமே எண்ணிப்பார்க்கும்போதும் இயங்குகிற பகுதி அது.

கேசட்டில் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பல முறை ஓடி நைந்த நாடாவில் ஏதோ ஓரிடத்தில் குரல் சற்றே இழுபடும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் மெல்லிய இரைச்சல் கேட்கும், அதன் பின் நான்காவது பாட்டு தொடங்கும். இன்று அதே பாட்டைப் பிசிறில்லாத பதிவாகக் கைப்பேசியில் கேட்டாலும், அந்த இடம் நெருங்கும்போது காது அந்த இழுவைக்குக் காத்திருக்கிறது. மூன்றாவது பாட்டு முடிந்த கணத்தில் நான்காவதன் தொடக்கம் ஒலிப்பதற்கு முன்பே மனத்துக்குள் எழுந்துவிடுகிறது. கேட்கும் இன்பத்தில் பெரும்பங்கு இந்த எதிர்பார்ப்பில் இருக்கிறது. மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மூளை ஆய்வு ஒன்றில், தமக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்கு மெய்சிலிர்க்கும் கட்டம் வருவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்னும், இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரந்தது. அந்தக் கட்டம் வந்தபோது வேறொரு பகுதியில் சுரந்தது. அடுத்து வரப்போவது எது என்று அறிந்த காதுக்கே இந்த முன்மகிழ்ச்சி வாய்க்கும். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு ஒதுக்கிய புதுப்பாட்டிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இளமையிலும் சாரமற்ற பாடல்கள் ஏராளமாக வந்தன. காலம் அவற்றைச் சலித்துத் தள்ளிவிட்டது, நல்லவை மட்டும் இன்று உங்களிடம் இருக்கின்றன. இன்றைய பாடல்களோ நல்லதும் அல்லாததும் கலந்தே காதில் விழுகின்றன. சலித்து எடுத்ததைச் சலிக்காததோடு ஒப்பிட்டு, இளையவர்களின் இசை முழுவதையும் தாழ்த்திப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த பாடல்களை என்னைவிட உருகிக் கேட்கிறாள். நீங்கள் சொல்லும் கணக்கில் இது எப்படிப் பொருந்தும்?

பதில்: நன்றாகவே பொருந்தும். கரோல் கிரம்ஹான்ஸ்ல், ஜஸ்டின் ஸுப்னிக் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 1955 முதல் 2009 வரையிலான வெற்றிப் பாடல்களை உங்கள் மகளின் வயதை ஒட்டிய இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் தங்கள் காலத்துப் பாடல்களோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்துப் பாடல்களையும் தனித்து விரும்பினார்கள்; 1960-களின் பாடல்களுக்கும் ஒரு சிறு மேடு தெரிந்தது. பெற்றோர் தமக்குப் பிடித்ததை வீட்டில் ஓயாமல் போட, குழந்தையின் காது அதில் ஊறிவிடுகிறது என்பதே எளிய விளக்கம். 1960-களின் மேட்டுக்குத் தாத்தா பாட்டியின் பங்கும் காரணமாக இருக்கலாம், அந்தப் பாடல்களின் தரமே காரணமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இரண்டு வழியையும் திறந்தே வைத்தார்கள். ஆகையால் தரத்துக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்வதாக முதல் கேள்வியை அனுப்பியவர் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் சிக்கல் நேர்மாறானது. எனக்கு 66 வயது. இளமையில் உயிராக இருந்த பாடல்களை இப்போது போட்டால் சப்பென்று இருக்கிறது. மனம் மரத்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அஞ்ச வேண்டாம், முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள். முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மங்குகின்றன. கம்பி வாத்தியங்களின் மினுமினுப்பும், தாளத்தகடுகளின் சிலிர்ப்பும், பாடகரின் ‘ஸ’ போன்ற நுண்ணிய ஒலிகளும் மங்கிவிட்டால், உங்களுக்குத் தெரிந்த பாட்டே போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். செவிப்பரிசோதனை செய்துகொண்டால் இது தெரிந்துவிடும். ஏற்கெனவே செவிக்கருவி அணிகிறவராக இருந்தால், அது பெரும்பாலும் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக அமைக்கப்பட்டிருக்கும்; இசைக்கெனத் தனி அமைப்பு பல கருவிகளில் உண்டு, அதை இயக்கித் தரும்படி செவியியல் வல்லுநரிடம் கேளுங்கள்.

காதில் குறையில்லை என்றால், திகட்டலாக இருக்கலாம். ஒரு பாட்டின் மீதுள்ள விருப்பம் திரும்பக் கேட்கக் கேட்க ஏறி, ஓர் எல்லையைக் கடந்ததும் இறங்குகிறது. சில மாதங்கள் அதைத் தொடாமல் இருந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் எழவில்லை என்றால், அந்தப் பாட்டு பேசிய ஏக்கம் உங்களுக்குத் தணிந்துவிட்டது என்று கொள்ளலாம். 20 வயதில் பிடித்த அத்தனையும் 66 வயதிலும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேள்வி: 82 வயதான என் தாயாருக்கு அல்சைமர் நோய். அவருக்காகப் பாட்டுப் போட்டால் பயன் உண்டா?

பதில்: உண்டு. நெடுங்காலம் பழகிய இசையை நினைவில் வைத்திருக்கும் மூளைப்பகுதிகள், இந்நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதனால் நோய் குணமாகாது. ஆனால் பெயர்களை மறந்தவர் பாட்டின் வரிகளைத் தொடர்ந்து பாடுவதைப் பராமரிப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் தேவை. பிள்ளைகள் பொதுவாகத் தங்கள் சிறுவயதில் தாய் கேட்ட பாடல்களைத் தேடுவார்கள். அவை பிள்ளைகளின் இளமையைச் சேர்ந்தவை. உங்கள் தாயாருக்கு 15 முதல் 25 வயது நடந்த காலத்தின் பாடல்களை, அதாவது 57 முதல் 67 ஆண்டுகளுக்கு முன் ஒலித்தவற்றைத் தேடுங்கள். குறைந்த ஒலியில், வேறு சத்தம் இல்லாத நேரத்தில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். சில பாடல்கள் பழைய துயரத்தையும் எழுப்பும். முகம் வாடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 60 வயதுக்கு மேல் புதிய இசையைப் புதிதாக நேசிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இளமையில் தானாக நடந்ததை இப்போது நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய தகவலைக் கொண்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வயது ஏற ஏற மக்கள் இசைக்குச் செலவிடும் நேரம் சுருங்குவதையும், அதிரடியான இசை மீதுள்ள விருப்பம் தணிந்து மென்மையும் நுட்பமும் உள்ள இசை மீது நாட்டம் வளர்வதையும் காட்டியது. ஆகவே சுவை உறைந்துவிடுவதில்லை. கேட்பதற்கு நாம் கொடுக்கும் நேரமே குறைந்துவிடுகிறது. எதிர்ப்பட எதிர்ப்படப் பிடித்துப்போகும் இயல்பை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-லேயே விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

உங்களுக்கு நெருக்கமான ஓர் இளையவரிடம் அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த இடம் அவரை அசைக்கிறது என்றும் கேளுங்கள். பிறகு வேறு வேலை செய்துகொண்டே, இரண்டு மூன்று வாரங்களில் பத்து முறையாவது அது காதில் விழும்படி செய்யுங்கள். நான்கைந்து முறைக்குப் பின் அடுத்த வரி தானாக மனத்தில் வரத் தொடங்கினால் அது உங்களுடையதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்து முறை கேட்டும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் அதை விட்டுவிட்டு, அவரிடமே இன்னொன்றைக் கேளுங்கள். உங்களுடைய பாட்டு ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள்.