பாப்பாவோடு பாருக்கு: கேள்வி பதில்

ஹோட்டல் பார்களிலும் லௌஞ்சுகளிலும் பதினேழு ஆண்டுகள் மேலாளராக இருந்தவள் நான். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவும்கூட. குழந்தையோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளைகளோடு போய் நானும் திரும்பி வந்திருக்கிறேன். எந்த நகரத்தில் எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் குழந்தைகளை வரவேற்ற இடம் மேலாளர் மாறியதும் இந்த மாதம் கதவை மூடிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

புது அப்பா: அக்கா, மூன்று வயது மகளோடு வெளியூர் போகிறோம். 'குடும்பத்தோடு வரலாம்' என்று இணையத்தில் போட்டிருக்கும் லௌஞ்சை நம்பிப் போகலாமா?

நம்ப வேண்டாம். நான் அப்படி நம்பித்தான் ஒரு மாலை, தூங்கும் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறிப் போனேன். 'குடும்பத்தோடு' என்பதற்கு அவர்கள் வைத்திருந்த பொருள் வளர்ந்த பிள்ளைகளோடு வரும் பெற்றோராம். வாசலில் நின்ற பையன் பாவம், என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டான்.

பலகையில் பார், லௌஞ்ச், பப் என்று என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. உரிமம் எந்த வகை என்பதுதான் கேள்வி. பல நாடுகளில் சாப்பாட்டோடு மது பரிமாறும் இடத்துக்கு ஒரு சட்டம், குடிப்பதற்காகவே இருக்கும் இடத்துக்கு வேறு சட்டம். கலிஃபோர்னியாவில் இது எண்ணிலேயே தெரிந்துவிடும். 47ஆம் வகை உரிமம் உணவகத்துக்கானது, குழந்தைகள் வரலாம். 48ஆம் வகை வெறும் பாருக்கானது, 21 வயது நிரம்பாதவர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. இரண்டிலும் அதே விளக்கு, அதே சோபா, அதே பாட்டு இருக்கும். நியூசிலாந்தில் இடத்தையே பிரித்துவிடுவார்கள். சில பகுதிகளில் 18க்குக் கீழ் யாருக்கும் அனுமதி இல்லை, சிலவற்றில் பெற்றோரோ காப்பாளரோ உடன் இருந்தால் வரலாம், மீதிக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரே கட்டடத்தில் முன்கூடம் ஒரு வகையாகவும் பின்கூடம் இன்னொரு வகையாகவும் இருக்கலாம்.

ஆகவே முதலில் உணவுப் பட்டியலைப் பாருங்கள். வறுத்த கடலையும் உருளைக்கிழங்குச் சீவலும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். முழுச் சாப்பாடு இருந்தால் போன் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு அல்ல, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள். மேலாளர் கையில் பேச நேரம் இருக்கும் பொழுது அது ஒன்றுதான். "குழந்தைகள் வரலாமா?" என்று கேட்டால் போனை எடுத்த புதுப் பையன் "வாங்க வாங்க" என்று சொல்லிவிடுவான். இப்படிக் கேளுங்கள்: "மூன்று வயதுக் குழந்தையோடு சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வருகிறோம். எந்தப் பகுதியில் உட்கார வைப்பீர்கள், எத்தனை மணி வரை இருக்கலாம்?" வயது, நேரம், இடம் மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதை இணையப் பக்கத்துக்குக் கிடையாது.

இன்னொன்று. முதல் கிளாஸ் மேசைக்கு வருவதற்கு முன்பே, அன்றைக்குக் குடிக்காமல் இருக்கப்போவது யார் என்று இருவரும் முடிவு செய்துவிடுங்கள். இதை நான் இன்று பத்துத் தடவை சொல்வேன்.

ஊர்சுற்றி: இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி என்று இரண்டு வாரப் பயணம். பிள்ளைகளுக்கு வயது 7, 12. எங்கே என்ன விதி?

எனக்குப் பிடித்த கேள்வி. மூன்றும் மூன்று விதம்.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, மது விற்பனையே முதன்மையான தொழிலாக உள்ள இடத்தில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் 18 நிரம்பிய ஒருவரோடு இருக்க வேண்டும். நீங்கள் உடன் இருந்தால் சட்டம் தடுக்காது. ஆனால் சட்டம் விட்டாலும் கடைக்காரர் விட வேண்டுமே! பல பப்களில் 'குழந்தைகள் இத்தனை மணி வரை' என்று சொந்த விதி வைத்திருப்பார்கள், சிலவற்றில் உரிமத்திலேயே அந்த நிபந்தனை இருக்கும். ஸ்காட்லாந்து பக்கம் போனால் அங்கே வேறு முறை. எந்த வயதுக் குழந்தைகள், எந்த நேரத்தில், எந்தப் பகுதிக்குள் என்று உரிமம் கேட்கும்போதே கடைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அயர்லாந்தில் கடிகாரம்தான் ராஜா. 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோடோ காப்பாளரோடோதான் பாருக்குள் இருக்கலாம். அதுவும் இரவு ஒன்பது மணி வரை. மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பத்து மணி வரை. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு எட்டரைக்கு உள்ளே போனால், வாத்தியக்காரர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் உங்களை எழுப்பிவிடுவார்கள். ஏழு மணிக்கே போய்ச் சாப்பிட்டுவிடுங்கள்.

ஜெர்மனியில் பெற்றோர் உடன் இருந்தால் சாதாரண உணவகத்திலும் மதுக்கூடத்திலும் சிக்கல் இல்லை. இரவு பார், இரவு விடுதி என்றால் அம்மா அப்பா கூட வந்தாலும் 18க்குக் கீழ் அனுமதி கிடையாது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மியூனிக்கின் பியர் தோட்டங்கள். மரத்தடியில் நீள மேசைகள் போட்டிருப்பார்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம், பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். ஆங்கிலப் பூங்காவில் சீனக் கோபுரத்தின் அருகே குழந்தைகளுக்கான பழைய மர ராட்டினம் ஒன்று உண்டு. ஹிர்ஷ்கார்ட்டன் என்ற இன்னொரு தோட்டத்தில் விளையாட்டுத் திடலும் மான்களும் உண்டு. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் 1999 விதிப்படி இந்தத் தோட்டங்களில் பாட்டு பத்து மணிக்கு நின்றுவிட வேண்டும், பதினொன்றுக்கு எல்லாம் முடிந்துவிட வேண்டும். தாலாட்டுப் பாட வசதியான சட்டம்!

பெட்டி தூக்கி: விமான நிலைய லௌஞ்சில் குழந்தைக்குத் தனி டிக்கெட் வேண்டுமா?

அது வேறு லௌஞ்ச். உங்கள் கடன் அட்டை நிறுவனத்தைக் கேளுங்கள்.

தூளி: கைக்குழந்தை மார்பில் கட்டிய பையில் தூங்குகிறது. அதுவும் கணக்கா?

கணக்குத்தான். 21 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்றால் பிறந்து இருபத்தொரு நாளான குழந்தைக்கும் அது பொருந்தும். தூங்குவதால் வயது கூடிவிடாது.

இரட்டையர் அம்மா: ஐந்து வயது இரட்டையர். நாங்கள் காக்டெயில் வாங்கினால் அவர்களுக்கும் அதே மாதிரிக் கிளாஸ் வேண்டும் என்று அடம். என்ன வாங்கித் தரலாம்? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஷெர்லி டெம்பிள் என்று கேளுங்கள், உலகத்தில் எந்த பார்க்காரருக்கும் தெரியும். இஞ்சிச் சோடாவில் மாதுளைச் சிவப்புப் பாகு விட்டு மேலே ஒரு செர்ரி. மதுத் துளிகூட இல்லை. ஆனால் 'மாக்டெயில்', அதாவது மது சேர்க்காத காக்டெயில், என்று பொதுவாகக் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சிலர் சுவைக்காக பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாற்றைச் சொட்டுவார்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். இரண்டு சொட்டில் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றாலும் அது இல்லாமலே கேட்பது நல்லது. 'ஆல்கஹால் இல்லாத பியர்' என்பதும் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டதுதான்.

கவனிக்க வேண்டியது தாழ்வான மேசை. லௌஞ்சில் மேசைகள் முழங்கால் உயரம்தான் இருக்கும், அதாவது நடக்கப் பழகிய குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். ஒருநாள் என் கண்ணெதிரே நடந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று நேராக அங்கே நடந்து போய், காலிக் கிளாஸின் அடியில் கிடந்த செர்ரியை இரண்டு விரலால் எடுத்துவிட்டது. விஸ்கியில் அரைமணி நேரம் ஊறிய செர்ரி. வாய்க்குப் போவதற்குள் நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அம்மாவும் அப்பாவும் போனில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து குழந்தை உள்ள மேசைக்குப் பக்கத்து மேசையை முதலில் துடைக்க வேண்டும் என்று என் ஊழியர்களுக்குச் சட்டமே போட்டேன்.

நீங்களும் சுவரோர மேசை கேளுங்கள். கவுண்டர் முன்னால் உள்ள உயர ஸ்டூலில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பல இடங்களில் குழந்தைகளை மேசைக்கு விடுவார்கள், கவுண்டருக்கு விட மாட்டார்கள். விட்டாலும் அந்த ஸ்டூலுக்குப் பிடிமானம் கிடையாது. குடிக்காதவர் யார் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

மாடிவீட்டு மாமா: எல்லாம் சரி அம்மா. நான் வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு நாள் நிம்மதியாக ஒரு கிளாஸ் குடிக்க வருகிறேன். பக்கத்தில் ஒரு குழந்தை வீல் என்று அலறுகிறது. குடிக்கிற இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை? வெட்கமாக இல்லையா இந்தப் பெற்றோருக்கு?

ஐயா, பாதிக்கு உங்களோடு உடன்படுகிறேன். அலறும் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகாத பெற்றோரை எனக்கும் பிடிக்காது. ஆனால் பதினேழு வருடத்தில் மேசையை உடைத்த குழந்தையை நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் உடைத்ததற்குக் கணக்கே இல்லை.

தேநீர்ப் பிரியன்: மாமாவுக்கு ஒரு கேள்வி. பெற்றவர்கள் அளவோடு குடித்துவிட்டு எழுந்து போவதைக் குழந்தை பார்த்தால் நல்லதுதானே? வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கினால் பிற்காலத்தில் வெறி வராது என்கிறார்களே.

மாடிவீட்டு மாமா: ஒரு வாயா! தம்பி, உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?

தேநீர்ப் பிரியன்: இல்லை.

மாடிவீட்டு மாமா: அதுதானே பார்த்தேன்.

இரட்டையர் அம்மா: எனக்கு இரண்டு இருக்கிறது, சேர்த்துச் சொல்கிறேன். மாமா, குழந்தை பெற்றவள் ஆறு வருடத்துக்கு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டுமா?

மாடிவீட்டு மாமா: கிடக்க வேண்டாம், பூங்காவுக்குப் போங்கள்.

சற்றுப் பொறுங்கள் எல்லோரும். தம்பி, பார்ப்பது வேறு, ஒரு வாய் கொடுப்பது வேறு. கொடுத்துப் பழக்கும் வாதம் எனக்குச் சுத்தமாக ஒப்பாது. இங்கிலாந்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மது கொடுப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வீட்டுக்குள் கொடுத்தாலும்.

ஐயா, உங்களுக்கும் பதில் உண்டு. ஒரே கூடம் ஒரே நாளில் மூன்று கடை. பிற்பகலில் அது சிற்றுண்டிக் கூடம். பாதி மேசைகளில் தேநீர், ஓர் ஓரத்தில் பாட்டி, பேரன், கேக். மாலையில் உணவகம். இரவில்தான் பார். எட்டரை மணி வாக்கில் விளக்கைக் குறைப்போம், பாட்டை ஏற்றுவோம். விவரம் தெரிந்த பெற்றோர் அப்போதே பில் கேட்டுவிடுவார்கள். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?

மாடிவீட்டு மாமா: ஆறு.

அது அந்தக் குழந்தையின் நேரம் ஐயா.

நகரத்தான்: நல்ல பத்து இடங்களின் பட்டியல் போடுங்களேன்.

முதல் பத்தியைப் படியுங்கள்.

பால்கனி: மொட்டைமாடி பார்களில்?

முன்மாலை வரை விடும் இடங்கள் உண்டு. நேரத்தைப் போனில் கேளுங்கள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் சோபா, பூந்தொட்டி, பெட்டி என்று ஏற வசதியாக எதுவாவது கிடந்தால் அந்த மேசை வேண்டாம். காற்றில் பறந்த தொப்பியின் பின்னால் ஓடும் குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணில் தெரியாது. பெரியவர்களில் ஒருவர் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகவும்தான்.

மெல்லிசை: சத்தம் குழந்தையின் காதைக் கெடுக்குமா?

கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற இந்த நேரம் மளமளவென்று குறையும். கருவியெல்லாம் தேவையில்லை. கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியின் கீழ் தள்ளுவண்டியை நிறுத்தாதீர்கள். தூங்குகிறதே என்று நினைப்பீர்கள், காது தூங்காது.

ரயில் பிரியை: ஜப்பானில் இசகாயா மதுக்கூடங்களுக்குக் குழந்தையோடு போகலாமா அக்கா?

தாராளமாக. சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடு வரும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வாசலில் புகைபிடிக்கும் இடம் என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட இடங்களுக்குள் 20 வயதுக்குக் குறைந்த யாரும் நுழையக் கூடாது, பெற்றோர் இருந்தாலும் சரி. வெளிநாட்டார் மதுவுக்கான வயதைப் பார்த்துவிட்டுப் போவார்கள், அங்கே மடக்குவது சிகரெட். ஹூக்கா லௌஞ்ச், சுருட்டு லௌஞ்ச் பற்றி யாராவது கேட்கவிருந்தால் இதே பதில்: குழந்தையோடு போகவே போகாதீர்கள், சட்டம் அனுமதிக்கும் ஊராக இருந்தாலும்.

இன்னொரு நகரத்தான்: குழந்தைகளை அனுமதிக்கும் சிறந்த இடங்களின் பெயர்கள் கிடைக்குமா?

நீங்களும் முந்தைய நகரத்தானும் உறவா?

புது அப்பா: அக்கா, போன் செய்தேன்! ஆறரைக்கு வரலாம், ஜன்னல் பக்கம், எட்டரை வரை என்றார்கள். பெயரும் வாங்கிவிட்டேன். குடிக்காதவர் யார் என்பதில்தான் வீட்டில் சண்டை.

காசைச் சுண்டிப் போடுங்கள். தோற்றவருக்கு ஷெர்லி டெம்பிள்.

மாடிவீட்டு மாமா: அப்படியானால் நான் ஒன்பது மணிக்குப் போனால் நிம்மதியாக இருக்கலாம், அப்படித்தானே?

குழந்தைகளிடமிருந்து நிம்மதி ஐயா. மற்றவர்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

தொட்டில்: அக்கா, ஆறு மாதக் குழந்தை, தள்ளுவண்டியில் நன்றாகத் தூங்கிவிடும். அதையும் கணக்கில் எடுப்பார்களா?

எடுப்பார்கள்.