பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன? தலைமை ஆசிரியருக்கு அதனால் என்ன பயன்?

கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்லும் குழு இது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு உண்டு. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அரசுப் பள்ளியில் பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் இவர்கள் வேலை; உதவிபெறும் பள்ளியில் ஆலோசனை சொல்வது மட்டும்தான்.

ஏன் பெற்றோர்? விசைப்படகில் போகிறவர்களுக்குப் பிடிபட்ட மீனில் பங்கு உண்டு. அதனால்தான் வலை கிழிந்தால் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து பின்னுகிறார்கள். பள்ளியிலும் அப்படித்தான். முடிவில் பங்கு கொடுத்தால் அக்கறை தானாக வரும்.

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேடு, ராயபுரம் பக்கம் தலைமை ஆசிரியராக இருப்பவர்கள் முதலில் கூட்ட நேரத்தை மாற்றுங்கள். விடிகாலையிலேயே மீன் ஏலத்துக்குப் போய், கூடையோடு தெருத்தெருவாக விற்கும் அம்மா காலை பதினோரு மணிக்கு எப்படி வருவார்? மாலையில் வையுங்கள். வந்ததும் கையெழுத்து நோட்டை நீட்டாதீர்கள். பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள். மாணவிகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஆடுவதை அவர்தான் முதலில் கவனிப்பார். அதை அடுத்த கூட்டத்துக்குள் சரிசெய்துவிடுங்கள், அப்புறம் கூப்பிடாமலே வருவார்கள்.

குழு வந்தால் தலைமை ஆசிரியரின் அதிகாரம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு, வகுப்பில் பாடம் நடத்துவது எப்படி என்பது எப்போதும்போல ஆசிரியர்கள் கையில்தான் இருக்கும்.