ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பது யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் தெருவில் கட்டட வேலை செய்பவர் ஒரு திருட்டு வழக்கில் கைதானார். கோர்ட் ஜாமீன் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டுமாம், யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. "இனி அது குடும்பத்தின் பாடு" என்கிறார்கள். அரசுக்குப் பொறுப்பே இல்லையா? - ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: நிச்சயமாக இருக்கிறது. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு. வெளியே போகலாம் என்று நீதிபதியே சொன்ன ஒருவர், ஆள் பலம் இல்லை என்பதற்காக உள்ளேயே கிடந்தால் அந்தப் பிரிவுக்கு என்ன மதிப்பு?

இது புதுப் பிரச்னையும் இல்லை. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் கொடுக்க முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்க் கோர்ட் மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனிலேயே, அதாவது வேறு ஆள் கையெழுத்து இல்லாமலேயே, அவரை விடச் சொன்னார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. செய்த குற்றத்துக்கு அதிகபட்சம் என்ன தண்டனையோ அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே பீகார் சிறைகளில் கிடந்தவர்களின் கதை வெளியே வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை, அதைச் செய்து கொடுக்க நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அப்போதுதான்.

இப்போது உங்கள் ஆளுக்கு வருவோம். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராத கைதியைப் பற்றி, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் வேலை. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. அதனால் அவர் மனைவியை உடனே ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கையில் ஜாமீன் உத்தரவின் நகல் இருந்தால் போதும், வேலை வேகமாக நடக்கும்.

கேள்வி: சரி, ஜாமீனே கிடைக்காமல் வழக்கும் இழுத்துக்கொண்டே போனால்? - அதே வாசகி

பதில்: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவைப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஓர் ஆண்டு உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்க வேண்டும், அதற்குக் கோர்ட்டில் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டியவரும் சிறைக் கண்காணிப்பாளர்தான். கைதி மீது வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது, அதை மட்டும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.