‘நாள்பட்ட’ என்றால் முற்றியது என்று பொருளா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு வயது 38. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சேலத்தில் காட்டினோம். வெள்ளணுக்கள் 1,40,000 இருப்பதாகவும், ‘நாள்பட்ட மைலாய்டு’ ரத்தப் புற்றுநோய் என்றும் கூறி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குத் ‘தீவிர’ வகை என்று அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். முற்றிவிட்டதால் தம்பியைக் கைவிட்டார்களா? அவனோ பழம் பறிப்பு முடிந்த பிறகு மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறான்.
— வாசகி, ஏற்காடு

பதில்: கைவிடவில்லை, சகோதரி. நாள்பட்ட புண் என்றால் ஆறாத புண் என்றே கேட்டுப் பழகியதால் இந்தச் சொல் உங்களை அச்சுறுத்துகிறது. மருத்துவத்தில் அது நோயின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது.

தீவிர வகையில், எலும்பு மஜ்ஜையில் வேலைக்கு உதவாத முதிரா அணுக்கள் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்வதால், சில வாரங்களிலேயே காய்ச்சல், சோகை, ஈறில் ரத்தக்கசிவு என்று உடல் தளர்ந்துவிடும். அவசரம் அதனால்தான். ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையை, இரண்டு மூன்று ஆண்டுச் சிகிச்சையை இடையில் விடாமல் முடித்தால், பெரும்பாலும் முற்றிலும் குணப்படுத்திவிட முடிகிறது. முதியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு வகைக்கு அத்தனை உறுதி சொல்வதற்கில்லை.

உங்கள் தம்பியின் நோயில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஒரு தவறான புரதத்தை உண்டாக்குகின்றன. அணுக்களை ஓயாமல் பெருகச் செய்வது அதுவே. விலாவுக்குக் கீழே உணரும் கனம் வீங்கிய மண்ணீரல். அந்தப் புரதத்தையே முடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்த பிறகு, ஒழுங்காக உட்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர 2013-இல் உச்ச நீதிமன்றம் மறுத்ததால், விலை குறைந்த மாத்திரைகளும் நம் நாட்டில் தொடர்ந்து கிடைக்கின்றன.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். குமட்டலோ, இமை வீக்கமோ, கெண்டைக்கால் பிடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். தாமாக நிறுத்தக் கூடாது. நான் அஞ்சுவது பக்கவிளைவுகளைவிட, ஓரிரு மாதத்தில் எண்ணிக்கை இறங்கியதும் வரும் ‘சரியாகிவிட்டது’ என்ற எண்ணத்தையே. மருந்தின்றி விட்டால், இந்த நோயே சில ஆண்டுகளில் தீவிர வகையாக மாறும். அதன்பின் மாத்திரை மட்டும் போதாது.

ஆகவே பறிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்கச் சொல்லுங்கள். அந்தத் தவறான புரதத்துக்கான மரபணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) ரத்தப் பரிசோதனைக்கு, தோட்டத்தில் எவ்வளவு வேலை இருந்தாலும், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையிறங்கி வரட்டும்.