குடிலும் அம்மம்மாவும் பின் அறையில்

கேள்வி: அன்புள்ள அன்ரி, எனக்கு வயது 39. குருநகரில் பிறந்து வளர்ந்து இன்றும் அங்கேயே இருக்கிறேன். சின்ன வயதில் இருந்தே பேய்க்கதை என்றால் எனக்கு உயிர். அம்மம்மா பேய்க்கதை சொல்லித்தான் என்னை வளர்த்தா. ஷெல் அடிக்கிற இரவுகளில் "அது முனி நடக்கிற சத்தமடா" என்று சொல்லுவா, நானும் நம்பிக்கொண்டு போர்வைக்குள் கிடப்பேன். அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. நாலு வருடமாக நத்தாருக்கு வீட்டை என் விருப்பப்படி அலங்கரிக்கிறேன். கனடாவில் இருக்கிற அக்கா, ஹலோவீன் முடிந்தவுடன் மலிவு விலைக்குப் போடுகிற சாமான்களை வாங்கிக் கப்பல் பெட்டியில் அனுப்புவா. இந்த முறை ஹோலில் கறுப்பு மரம் வைத்தேன். சிவப்பு விளக்கும் சிலந்தி வலையும் கட்டினேன். நத்தார் தாத்தாவின் தொப்பி போட்ட ஆறடி எலும்புக்கூட்டை உள்வாசலில் நிறுத்தினேன், கேற்றில் சின்னது ஒன்றைத் தொங்கவிட்டேன். முன் ஹோலில் இடம் காணாததால் பாலன் பிறப்புக் குடிலை அம்மம்மாவின் அறைக்குள் வைத்துவிட்டோம், பெரிதாக எழும்பி நடமாடாத அவவுக்கும் கும்பிட வசதி. கரோல் வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். மாமி "இது வீடா சேமக்காலையா" என்று கேட்டா. மனைவிக்கு வெட்கம். ஆறு வயது மகள் மட்டும்தான் என் கட்சி. இங்கிலாந்தில் நத்தார் இரவில் பேய்க்கதை சொல்வது வழக்கம், டிக்கன்ஸே எழுதியிருக்கிறார் என்று விளங்கப்படுத்தினாலும் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. பயங்கரத்தை ரசிப்பது பாவமா? இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: தம்பி, பாவமில்லை. நீர் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். பேய்க்கதை கேட்டவர்களெல்லாம் நரகத்துக்குப் போவதென்றால் யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் இந்நேரம் அங்கேதான் இருக்க வேண்டும், புளியமரத்துக்கு ஒரு மோகினி, சுடலைக்கு ஒரு கொத்தி, சந்திக்கு ஒரு முனி என்று வைத்துக்கொண்டிருந்த ஊர் இது. நத்தார்க் கதைக்குள்ளேயே பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொன்ன ஏரோதின் வாள் இருக்கிறது. 25 முடிந்து மூன்றாம் நாள், 28 ஆம் திகதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாள் என்று திருச்சபையே அந்தப் பயங்கரத்தை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் 'உமது ரசனை உமது உரிமை, மற்றவர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வார்கள்' என்று நான் முதுகில் தட்டிக் கொடுப்பேன் என்று காத்திருந்தீரானால், வேறு ஆளைப் பாரும்.

டிசம்பர் பிறந்தால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி வீட்டு அலங்காரச் சண்டைதான். சவுக்குக் கொப்பு வெட்டுவதா பிளாஸ்ரிக் மரம் வாங்குவதா என்று தகப்பனும் மகனும் நாலு நாள் பேசாமல் இருந்த வீடு உண்டு. எலும்புக்கூடு எனக்குப் புதிது, சண்டை பழையது.

உமது கடிதம் நாலு பக்கம், மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். எலும்புக்கூட்டின் கண்ணுக்குள் எரிகிற பல்புக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர். குடிலுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் எனக்கு வேலை இருக்கிறது.

மரம் 'வைத்தேன்'. வலை 'கட்டினேன்'. எலும்புக்கூட்டை 'நிறுத்தினேன்'. எல்லாம் நான், நான், நான். குடிலுக்கு வந்ததும் திடீரென்று 'வைத்துவிட்டோம்' ஆகிவிட்டது. யார் தம்பி அந்த 'ஓம்'? மனைவி ஓம் சொன்னாவா? அம்மம்மா ஓம் சொன்னாவா? பெருமைப்படுகிற வேலைக்குத் தனி ஆளாக முன்னால் நிற்கிறீர், கூச்சப்படுகிற வேலைக்கு நாலு பேரைத் துணைக்குக் கூப்பிடுகிறீர். அப்புறம் அந்த 'விட்டோம்'. குப்பையைக் கொட்டிவிட்டோம், கால் உடைந்த கதிரையைக் கோடிக்குள் போட்டுவிட்டோம் என்கிற அதே 'விட்டோம்'. நீர் யோசித்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். யோசியாமல் எழுதினதால்தான் உண்மை வந்திருக்கிறது.

'இடம் காணாததால்' என்று எழுதும்போதாவது பேனா நிற்கவில்லையா? 39 நத்தாருக்கு லூக்காஸ் நற்செய்தி வாசிக்கக் கேட்டிருப்பீர். இடம் இல்லை என்றுதானே மரியாளும் சூசையப்பரும் மாட்டுக் கொட்டிலுக்குப் போனார்கள்.

'அவவுக்கும் கும்பிட வசதி' என்கிறீர். இந்த 'வசதி' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழவிக்கு வசதி என்று சொல்லித்தான் குசினிக்குப் பக்கத்து அறையைக் கொடுக்கிறோம், கிழவிக்கு வசதி என்று சொல்லித்தான் எல்லோருக்கும் முன்னால் தனியச் சாப்பாடு கொடுத்து முடிக்கிறோம், ஆட்கள் வரும்போது அறைக் கதவைச் சாத்துவதும் கிழவிக்கு வசதிதான், சத்தம் இல்லாமல் படுப்பாவாம். அவரிடம் யாராவது கேட்டோமா? நீர் கேட்டிருந்தால் 'கேட்டேன்' என்று எழுதியிருப்பீர். எங்கள் வீட்டில் குடிலின் தொட்டில் திருவருகைக் காலம் முழுக்க வெறுமையாகக் கிடக்கும், 24 இரவுப் பூசை முடிந்து வந்த பிறகு வீட்டில் மூத்தவரின் கையால்தான் பாலனை அதற்குள் வைப்போம். உங்கள் வீட்டிலும் ஒரு காலம் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது அந்த மூத்தவரையும் பாலனையும் சேர்த்து ஒரே அறைக்குள் தள்ளியாயிற்று, ஹோல் முழுக்கக் கனடாப் பேய்க்கு.

சரி, முனிக்கு வருவோம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபோது உமக்கு நாலு வயது இருக்கும். 1993 நவம்பரில் உங்கள் யாகப்பர் கோயிலுக்கு மேலேயே குண்டு விழுந்தபோது ஏழு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டுகிற மழைக்குள் ஊரே எழும்பிச் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தபோது ஒன்பது. இந்த வயதுகளை விரலில் எண்ணிவிட்டு 'அது முனி நடக்கிற சத்தமடா' என்ற வரியைத் திரும்ப வாசியும். உமது ரசனை தொடங்கிய கதையாக, ஒரு சிரிப்புக் கதைபோல அதை எழுதியிருக்கிறீர். அது என்ன சத்தம் என்று அந்த மனுசிக்குத் தெரியாதா? மண்டைதீவுப் பக்கமிருந்து வருகிறதா பலாலிப் பக்கமிருந்தா, அடுத்தது கிட்ட விழுமா எட்ட விழுமா என்று அந்த நாளில் எங்கள் எல்லோருடைய காதுக்கும் தெரியும்.

ஷெல்லைப் பற்றிப் பிள்ளை கேட்டால் சொல்லப் பதில் இல்லை. ஏன் அடிக்கிறார்கள், எங்களுக்கா அடிக்கிறார்கள், எப்போது நிற்கும், ஒன்றுக்கும் இல்லை. முனிக்குப் பதில் இருக்கிறது. முனி தன் வழியில் போகும், வழியை மறித்தால்தான் அடிக்கும், வேலி தாண்டி உள்ளே வராது, விடியமுதல் போய்விடும். பிள்ளைக்கு விளங்குகிற சட்டதிட்டம் உள்ள பயம் அது. பெரியதைத் தான் வைத்துக்கொண்டு உமது கையில் சின்னதைத் தந்திருக்கிறார் அம்மம்மா, நீர் அதை வாங்கிக்கொண்டு நித்திரை கொண்டிருக்கிறீர். நானும் அந்த வருடங்களில் என் பிள்ளைகளுக்கு இதே வேலை செய்தவள்தான், என்னுடையது கொத்தி. மேலே பொம்பர் சுற்றும்போது பங்கருக்குள் இருந்து கொத்திக் கதையைத் தொடங்குவேன். என் குரல் நடுங்கும், கதைக்காகத்தான் அம்மா குரலை நடுங்க வைக்கிறா என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். அந்த வசதிக்காகவே பேய்க்கதை. பாரும், வசதி என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பாவிப்பு இருந்தது.

அலங்காரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர், அந்த நாளைய அலங்காரம் உமக்கு ஞாபகம் இருக்கிறதா? ஈர்க்கையும் மூங்கில் சிம்பையும் வளைத்துக் கட்டி மெல்லிய தாள் ஒட்டின வெளிச்சக்கூடு. உள்ளே ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு துளி கூட விட்டால் தை மாதம் இருட்டுக்குள் இருக்க வேண்டும். அதையும் நெடுக எரிக்க முடியாது, மேலே சுற்றுகிறவன் வெளிச்சத்தைக் கண்டு போட்டுவிடுவானோ என்ற பயம். அரை மணித்தியாலம் ஏற்றி வைத்து, எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவோம். அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை, நாசமாய்ப் போன காலம் அது. அந்த அரை மணித்தியாலத்துக்காக உமது அம்மம்மா எத்தனை இரவு தாள் வெட்டி ஒட்டியிருப்பார் என்பதற்காக எழுதுகிறேன். இப்போது உங்கள் ஹோலில் விடிய விடியச் சிவப்பு விளக்கு ஓடுகிறது. அவருடைய அறையில் என்ன விளக்கு எரிகிறது என்று நாலு பக்கத்திலும் தேடினேன், இல்லை.

டிக்கன்ஸை வேறு சாட்சிக்கு இழுத்திருக்கிறீர். 1843 டிசம்பரில் வந்த அந்த 'கிறிஸ்மஸ் கரோல்' கதை எனக்கும் பிடிக்கும். இங்கிலாந்தில் நத்தார் முன்னிரவில் நெருப்படியில் கூடி இருந்து பேய்க்கதை சொல்லுகிற வழக்கம் பழையது என்பதும் சரி. ஆனால் 'கூடி இருந்து' என்பதை விழுங்கிவிட்டீர். அந்தக் கதையில் ஆவிகள் எதற்கு வருகின்றன? செத்துப்போன பழைய பங்காளி சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து, அவனுக்குப் பின்னால் மூன்று ஆவிகள் வந்து, இவ்வளவு பேரும் பாடுபட்டு அந்தக் கஞ்சனைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்? மருமகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். சகோதரியின் பிள்ளை கூப்பிடக் கூப்பிடப் போகாமல் இருந்தவனைப் போக வைக்கத்தான் அவ்வளவு பேயும். அடுத்த வருடத்துக்குக் கிராம்புஸ் முகமூடி ஒன்றுக்கு அக்காவிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர். ஒஸ்திரியாவில் டிசம்பர் 5 இரவு கொம்பும் சங்கிலியுமாக வருகிற அதுவும், நிக்கொலாஸ் புனிதருக்குக் கூட்டாளியாகத்தான் வீடுகளுக்கு வரும்.

கேற்றில் தொங்குவதை, இந்த இதழ் கைக்குக் கிடைத்தவுடன் கழற்றும். இதில் கதை பேச்சு இல்லை. ஹோலுக்குள் இருப்பது உங்கள் வீட்டுக்கு, கேற்றில் இருப்பது தெருவால் போகிற எல்லோருக்கும். 2025 இல் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், மனிதப் புதைகுழியைக் கிண்டக் கிண்ட வந்த எலும்புக்கூடுகளுக்குள் பிள்ளைகளுடையதும் இருந்தன, பள்ளிக்கூடப் பை ஒன்றும் வந்தது. காணாமற்போன பிள்ளையின் படத்தோடு இன்னும் அலைகிற தாய்மாரில் எத்தனை பேர் உமது ஒழுங்கையால் மீன் வாங்கப் போகிறார்கள் என்று உமக்குத் தெரியுமா? 'சின்னது ஒன்றை' என்று வேறு எழுதியிருக்கிறீர். கரோல்காரர்கள் எதைக் கண்டு முகம் சுளித்தார்கள் என்று ஒருக்கால் யோசியும், அவர்கள் கேற்றைத் தாண்டித்தானே உள்ளே வந்தார்கள்.

மாமியை விடும், மாமிமார் சொல்லத்தான் செய்வார்கள். மனைவியின் வெட்கம் எலும்புக்கூட்டைப் பார்த்து வந்ததா, பின் அறைக் கதவைப் பார்த்து வந்ததா என்று அவரிடமே கேளும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

இனிச் சொல்வதைச் செய்யும். கறுப்பு மரத்தைச் சுவரோடு தள்ளும். ஆறடி எலும்புக்கூடு நிற்க இடம் கண்ட வீட்டில் இரண்டடிக் குடிலுக்கு இடம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? வைக்கோலைப் புதிதாகப் போடும். சாய்மனைக் கதிரையை ஹோலில், குடில் தெரிகிற மாதிரிப் போடும். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தும், நடக்க முடியாவிட்டால் தூக்கும், நாவற்குழிப் பாலத்தில் உம்மை யார் கையில் பிடித்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு தூக்கும். பாலனை அவரிடமே கொடும். கை நடுங்கி நேரம் எடுத்தால் எடுக்கட்டும், கேக்கும் பயற்றம் பணியாரமும் ஓடிப்போகாது. ஆட்கள் வந்தாலும் அவர் ஹோலில்தான்.

மகள் உமது கட்சி என்கிறீர். பட்டனை அமத்தினால் கண் எரிகிற சாமானைத்தான் அவளுக்குப் பேய் என்று காட்டியிருக்கிறீர். உமக்குக் கிடைத்தது அதுவா? 24 இரவு அந்தச் சிவப்பு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைப் பூட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, முனிக் கதையைச் சொல்லச் சொல்லும். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இடையில் மறந்துபோனால் நீர் எடுத்துக் கொடும், உமக்குத்தான் பாடமாச்சே. பிள்ளை நித்திரையான பிறகு, அது முனி இல்லை என்று உமக்கு எந்த வயதில் தெரிய வந்தது என்பதை அவரிடம் சொல்லும். இவ்வளவு காலமும் சொல்லியிருக்கமாட்டீர்.

ஆறடிக்காரரைக் குடிலுக்குப் பக்கத்தில் நிறுத்த ஆசையாக இருந்தால் அம்மம்மாவிடம் கேளும். முனியை வைத்துப் பேரனை வளர்த்தவர், 'நிற்கட்டும்' என்று சிரித்தாலும் சிரிப்பார். வேண்டாம் என்று சொன்னால் பின் அறையில்தான் இப்போது இடம் இருக்குமே, அங்கே வைத்துவிடும்.