ஸ்டென்ட், பைபாஸுக்குப் பிறகு யோகா: கேள்வி-பதில்

இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து 5 வாரம். யோகா வகுப்பில் சூரிய நமஸ்காரம் தொடங்கலாம் என்கிறார்களே? (கொழிஞ்சாம்பாறை)

இப்போது வேண்டவே வேண்டாம். அறுத்துக் கம்பியால் கட்டிய நடு நெஞ்செலும்பு ஒட்டிச் சேர 8 முதல் 12 வாரம் பிடிக்கும். சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதமாகலாம். தரையில் கை ஊன்றி உடம்பைத் தாங்கும்போது அந்த ஒட்டு இழுபடும். குப்புறப் படுத்துக் கை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனமும் அப்படித்தான். இப்போதைக்கு நடைப்பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை மடக்கி நீட்டுவது, மெதுவான மூச்சு, இவை போதும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பு 'டக்'கென்று அசைந்தாலோ தையலில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் முதலில் சுவரில் கை வைத்து, நின்றபடியே பழகுங்கள்.

ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த அப்பா கபாலபாதி செய்கிறார். சரியா? (செங்கோட்டை)

நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகா, மூச்சை உள்ளே அடக்கும் கும்பகம் மூன்றும் இதய நோயாளிக்கு ஆகாது. மூச்சைப் பிடித்து முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். ஆசனத்தில் தம் கட்டினாலும் அதே கதைதான். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நாடி சுத்தி செய்யலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது மூக்கை மூடி, இடது மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, வலது மூக்கால் 6 எண்ணும் வரை விடட்டும். பிறகு வலதில் இழுத்து இடதில் விடட்டும். நடுவில் அடக்கக் கூடாது. தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். திணறினால் 3-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளட்டும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மெட்டோபிரலால் சாப்பிடுகிறேன். எவ்வளவு செய்தாலும் நாடித்துடிப்பு ஏறவில்லையே? (களியக்காவிளை)

இதயத் துடிப்பைக் குறைத்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அதனால் நாடியை நம்பாதீர்கள், பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் வந்தால் அளவு சரி. மல்லாந்து படுத்திருக்கும் சவாசனத்திலிருந்து படாரென்று எழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை வந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட் இருந்தால் உட்கார்ந்தபடியே நாக்கின் அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். 5 நிமிடத்தில் வலி விடவில்லையென்றால் தமிழக-கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம். காலைச் சுவரில் தூக்கி வைக்கலாமா? (நகரி)

கூடாது. காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பிச் சுமை ஏறும், மூச்சு முட்டும். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளில் நின்று காலைத் தூக்கும் சர்வாங்காசனமும் வேண்டாம்.

யோகா செய்தால் மாத்திரையைக் குறைக்கலாமா? (கூடலூர், கம்பம்)

நீங்களாகக் குறைக்காதீர்கள். மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. யோகாவில் சேர்ந்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆனால் மறு மாரடைப்பும் மரணமும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. அவர்கள் மாத்திரையோடுதான் யோகா செய்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைக்கலாம்.